முழுப் பதிப்பா, பழைய நாற்பது நிமிட ஆல்பமா? நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?

மூன்றாம் வயலின்:

நண்பர்களே, ஒரு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையமைத்த 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' ஆல்பத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. 1979ல் படத்தோடு வந்த அந்தச் சின்ன ஆல்பம்தான், நாற்பது நிமிடம் இருக்கும். ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அதன் முதல் சுரம் என் காதில் விழுந்துவிடும், அவ்வளவு பழக்கம். இப்போது 2012ல் வந்த மூன்று சிடி பதிப்பு கைக்கு வந்திருக்கிறது. படத்தில் வருகிற மொத்தப் பின்னணி இசை, படத்தில் பயன்படாத முதல் வடிவங்கள், பழைய ஆல்பம், எல்லாம் ஒரே பெட்டியில்.

இரண்டு இரவு ஹெட்போன் போட்டுக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். முதல் இரவு கொண்டாட்டம். இதுவரை படத்தின் சத்தங்களுக்கு அடியில் மட்டுமே கேட்டிருந்த இடங்கள் தனியாக, தெளிவாகக் கேட்டன. பிளாஸ்டர் பீம் என்று ஒரு கருவி இருக்கிறதே, நீளமான உலோகத் தண்டில் கம்பி இழுத்துக் கட்டி கிரெய்க் ஹக்ஸ்லி வாசித்தது, அது அடிவயிற்றில் இருந்து கிளம்பி வருகிற மாதிரி இருந்தது. ஆனால் இரண்டாம் இரவு படத்தில் விண்கப்பல் ஒரு பெரிய மேகத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும் பகுதி வந்தபோது களைத்துவிட்டேன். திரையில் பார்க்கும்போது அந்த மெதுவான நகர்வு பிரமிப்பு, தனியாகக் கேட்கும்போது ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. மூன்றாம் நாள் பழைய ஆல்பத்தையே போட்டேன், அப்போதுதான் மனசு நிறைந்தது.

என் சந்தேகம் இதுதான்: இது வெறும் பழக்கமா, இல்லை அந்தச் சின்ன ஆல்பம் உண்மையிலேயே நன்றாகக் கட்டப்பட்டதா? நீங்கள் இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எந்தப் பதிப்பில் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.


பழைய ஒலித்தட்டு:

பழக்கம் இல்லை சகோ. அந்த ஆல்பம் ஒரு தனிப் படைப்பு, படத்துக்கு எழுதிய இசையில் இருந்து இசையமைப்பாளரே இரண்டாவது முறையாகச் செய்த படைப்பு. இதை நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

'ஜாஸ்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வாரம் நான் கேட்பதும் அதுதான். 1975ல் வெளியான தட்டில் இருப்பது படத்தில் ஒலிக்கும் பதிவு இல்லை. ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்கென்றே திருத்தி, சில இடங்களை விரித்து எழுதி, ஆர்கெஸ்ட்ராவை மறுபடி உட்காரவைத்துப் பதிவு செய்தார். படத்தில் ஒலித்த பதிவு 2000ல்தான் வெளியே வந்தது, பிறகு 2015ல் இரண்டையும் சேர்த்து ஒரே பதிப்பாகப் போட்டார்கள். எல்லோரும் சுறா வரும்போது ஒலிக்கும் அந்த இரண்டு சுரத்தைப் பற்றியே பேசுகிறார்கள், நானும் மறுக்கவில்லை, ஆனால் சுறாவுக்கான கூண்டைத் தயார் செய்யும்போது ஒரு ஃப்யூக் வருகிறதே, ஒரு கருவி தொடங்கியதை இன்னொன்று துரத்திப் பிடித்து, அதை மூன்றாவது துரத்தி... அது ஆல்பத்தில் எப்படி மூச்சு விட்டு வளர்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் காட்சி முடிந்தால் இசையும் முடிந்தாக வேண்டும். ஆல்பத்தில் அந்த நெருக்கடி கிடையாது. ஒரு யோசனை எங்கே போய் முடிய வேண்டுமோ அங்கே போய் முடியலாம்.

'இ.டி.' (1982) பற்றியும் சொல்ல வேண்டும், அது எதிர்த்திசையில் நடந்த கதை. கடைசிப் பதினைந்து நிமிடம், சைக்கிள் துரத்தலும் பிரிவும். படத்தோடு நொடி பிசகாமல் வாசிப்பது சரிவரவில்லை என்றதும் இயக்குநர் ஸ்பில்பெர்க் திரையை அணைத்துவிட்டு, கச்சேரியில் நடத்துகிற மாதிரி நடத்துங்கள் என்று வில்லியம்ஸிடம் விட்டுவிட்டார். அந்தப் பதிவுக்குப் பொருந்தும்படி பிறகு படத்தைத்தான் வெட்டி ஒட்டினார்கள். அதனால்தான் அந்தப் பகுதி தனியாகக் கேட்டாலும் ஒரு குறையும் தெரிவதில்லை. இசை தன் போக்கில் போன இடம் அது.

ஆல்பங்கள் சின்னதாக இருந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒலித்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஒலி மெலிந்துவிடும். அப்புறம் சிடி வந்த பிறகும் அமெரிக்காவில் பதிவான இசை பல வருடங்கள் முப்பது நிமிட ஆல்பமாகவே வந்தது. படத்துக்கு வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டால் இசைக்கலைஞர்களின் சங்க விதிப்படி தனியாகப் பணம் கொடுக்க வேண்டும், நிமிடம் கூடக் கூடச் செலவும் கூடும். லண்டனில் பதிவானவை நீளமாக வந்ததற்கும் இதுவே காரணம். ஆனால் காரணம் எதுவாக இருந்தால் என்ன, எதை வைப்பது எதை விடுவது என்று இசையமைப்பாளர் உட்கார்ந்து யோசித்தாரே, அந்த யோசனைதான் உங்கள் காதில் விழுகிறது.


முழுநீளம்:

மேலே எழுதியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்துக்கு ஹோவர்ட் ஷோர் எழுதிய மொத்த இசையும் 2005ல் மூன்று சிடிகளாக வந்தது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இந்த மாதம் முழுக்க நான் கேட்பது அதுதான், இரவில் ஒரு சிடி வீதம்.

ஒன்பது பேர் கொண்ட அந்த நட்புக் கூட்டத்துக்கான தீம், அதாவது திரும்பத் திரும்ப வருகிற மெட்டு, இருக்கிறதே, எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கொம்பு முழக்கம், அது முதலிலேயே முழுதாக வருவதில்லை. சாம், ஃப்ரோடோ இருவரும் ஊரை விட்டுக் கிளம்பும்போது சின்னதாக, பாதியாக, தயங்கித் தயங்கி வருகிறது. ஆட்கள் சேரச் சேர தீமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு பிடிக்கிறது. ஒன்பது பேரும் ஒன்றாக நிற்கும்போதுதான் முழு உருவத்தில் எழுந்து நிற்கிறது. பிறகு மோரியாவில் மந்திரவாதி கண்டால்ஃப் விழுந்ததும் அதே தீம் உடைந்து, பழைய பலம் இல்லாமல் வருகிறது. ஒற்றை சிடி ஆல்பத்தில் முழு உருவம் இருக்கிறது, வளர்ந்த வழி இல்லை. ஒரு ராகத்தின் ஆலாபனையை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் கேட்டால் பல்லவி இனிக்கும்தான், ஆனால் எங்கிருந்து அந்த இடத்துக்கு வந்தோம் என்பது தெரியாது.

இன்னொன்று. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் எப்போதும் சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எப்படி நம்புவது? 'இன்டர்ஸ்டெல்லார்' 2014ல் வந்தபோது தியேட்டரில் இருந்து வெளியே வந்த ஒவ்வொருவரும் தேடியது சுழலும் கலத்தோடு இன்னொரு கலம் இணையும் காட்சியின் இசையை. ரோஜர் சேயர் லண்டன் டெம்பிள் சர்ச்சில் வாசித்த அந்தக் குழாய் ஆர்கன் மொத்தமாகத் திறந்துகொள்ளும் இடம் அது. பதினாறு டிராக் கொண்ட முதல் ஆல்பத்தில் அது இல்லை! ஹான்ஸ் ஸிம்மர் அந்த ஆல்பத்தை ஒரு நீண்ட தியானம் மாதிரி அமைத்தார் என்றால் சரி, அது அவர் உரிமை. ஆனால் நான் அழுத இடம் அதில் இல்லையே. பிறகு விரிவான பதிப்புகளில்தான் அது வந்து சேர்ந்தது.

மூன்றாம் வயலின், நீங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், இரண்டு இரவில் எல்லாவற்றையும் கேட்டது. முழுப் பதிப்பு ஒரே மூச்சில் கேட்பதற்கு இல்லை. அந்த ஸ்டார் ட்ரெக் பெட்டியில் என்டர்பிரைஸ் கப்பலை முதன்முதலில் சுற்றிக் காட்டும் காட்சிக்கான முதல் வடிவம் இருக்கும். அதை மட்டும் எடுத்து, படத்தில் உள்ள வடிவத்தோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.


செல்லோ பக்கம்:

இப்போது கேட்பது 'சைனாடவுன்' (1974). கோல்ட்ஸ்மித்தான். முன்பு ஒருவர் எழுதிய இசையைக் கழற்றிவிட்டு, பத்தே நாளில் இவரிடம் எழுதி வாங்கியது. ஒரு ட்ரம்பெட், நான்கு பியானோ, நான்கு ஹார்ப், தந்திக் கருவிகள், கொஞ்சம் தாளம், அவ்வளவுதான். படத்திலேயே மொத்த இசையும் அரை மணி நேரத்துக்குக் குறைவு. இந்த மாதிரி எழுதினால் முழுப் பதிப்பா சின்ன ஆல்பமா என்ற கேள்வியே எழாது. யுவான் ரேஸி வாசித்த அந்த ட்ரம்பெட்டை இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.


இரவுக்கேள்வி:

நீளத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, எனக்குப் புகார் வசனத்தைப் பற்றி. 'பிளேட் ரன்னர்' 1982ல் வந்த படம். அதன் முடிவில் ஆல்பம் வரும் என்று பெயர்ப்பட்டியலிலேயே போட்டிருந்தார்கள், ஆனால் இசையமைப்பாளர் வான்கெலிஸின் சொந்தப் பதிவு வரவில்லை. அந்த வருடம் வந்தது ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்த தழுவல். யமஹா சிஎஸ்-80 சின்தசைசரின் அந்த ஈரமான, நடுங்குகிற ஒலிதான் இந்த இசையின் உயிர், அதை வேறு கருவிகளுக்கு மாற்றினால் என்ன மிஞ்சும்? வான்கெலிஸின் ஆல்பம் 1994ல்தான் வந்தது, பன்னிரண்டு வருடம் கழித்து. வந்ததில் படத்தின் வசனங்களும் கலந்திருந்தன.

மழையில் கண்ணீர் போல என்று நடிகர் ரட்கர் ஹவர் பேசும் அந்தக் கடைசிப் பேச்சு எனக்கும் உயிர்தான். ஆனால் நூறாவது முறை கேட்கும்போதும் அதே மூச்சு, அதே இடைவெளி, அதே அழுத்தம். இசை ஒவ்வொரு முறையும் நம் மனநிலைக்குத் தகுந்தபடி வேறு ஏதோ சொல்லும், வசனம் ஒன்றையே சொல்லும். அதன் அடியில் ஓடும் இசையை மட்டும் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். 2007ல் மூன்று சிடி பதிப்பு வந்தது, அதிலும் முதல் சிடி அதே 1994 ஆல்பம். இரண்டாவதில் வெளிவராத இசை கொஞ்சம் இருக்கிறது, இந்த வாரம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று, இதை எழுதும்போதே தோன்றுகிறது. இளையராஜாவின் பின்னணி இசையில் பெரும்பகுதி தனி ஆல்பமாக வரவே இல்லை, பாடல்கள்தான் ஆல்பமாக வந்தன. அதனால் நாம் பலரும் அவற்றை வசனத்தோடும், கதவு சாத்தும் சத்தத்தோடும், காலடி ஓசையோடும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு புல்லாங்குழல் துண்டை நினைத்தால் அதற்கு முன் பேசிய வரியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அந்த இசையெல்லாம் தனியாக, சுத்தமாக வந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். ஆனாலும் அந்த வசனம் இல்லாமல் அது எனக்கு அதே இசையாக ஒலிக்குமா என்று யோசிக்கிறேன்.


பழைய ஒலித்தட்டு:

இரவுக்கேள்வி, நீங்கள் சொன்னது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. வசனத்தோடு நினைவில் இருப்பது வேறு, வசனத்தை ஆல்பத்தில் ஒட்டவைப்பது வேறு. நினைவில் இருப்பதை நாம் வேண்டும்போது விலக்கிக்கொள்ளலாம், ஒட்டியதை விலக்க முடியாது.

முழுநீளம் அவர்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 'ஏலியன்' (1979) கேட்டிருப்பீர்கள். தொடக்க இசையாகக் கோல்ட்ஸ்மித் முதலில் எழுதியது விண்வெளியின் அழகையும் தனிமையையும் சொல்லும் ஒரு பெரிய மெலடி. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு அது வேண்டாம், பயமும் புதிரும் வேண்டும் என்றார்கள், அதனால் வேறு ஒன்று எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்ததா? அவர் 1962ல் 'ஃப்ராய்ட்' படத்துக்கு எழுதிய பழைய இசையின் துண்டுகளை நடுவில் சேர்த்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருவது அவருடையதே இல்லை, ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனி. அவர் மனதில் இருந்த வடிவம் எங்கே இருந்தது என்றால் அந்த வருடத்து ஆல்பத்தில். தொடக்கத்தில் அவருடைய மெலடி, முடிவில் அவர் எழுதிய முடிவு. படம் தள்ளியதை ஆல்பம் காப்பாற்றி வைத்திருந்தது. முப்பது, நாற்பது நிமிடம் என்று அதைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.


முழுநீளம்:

ஏலியன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் படத்துக்காக எழுதிய முதல் வடிவங்கள், மாற்றி எழுதியவை, பழைய ஆல்பம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் கையில் கொடுத்தது 2007ல் வந்த இரண்டு சிடி பதிப்புதானே. அது இல்லாவிட்டால் எது எங்கே மாறியது என்று நீங்களும் நானும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது.


மோனோ:

ஒலித்தரம் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் வருகிறேன். பழைய இசையின் முழுப் பதிப்பு என்றதும் நான் முதலில் பார்ப்பது எந்த டேப்பில் இருந்து எடுத்தார்கள் என்பதைத்தான்.

பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய 'வெர்ட்டிகோ' (1958) இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் லண்டனில் பதிவைத் தொடங்கினார்கள். அங்கே இருந்த கலைஞர்களும் ஆதரவாக நிறுத்திவிட, மிச்சத்தை வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். நடத்தியது மியூர் மாத்திசன், ஹெர்மன் இல்லை. லண்டன் பதிவு ஸ்டீரியோ, வியன்னா பதிவு மோனோ. 1996 பதிப்பைக் கேட்டால் ஒரு டிராக்கில் தந்திக் கருவிகள் அறை முழுக்கப் பரவி நிற்கும், இன்னொன்றில் எல்லாம் நடுவில் ஒடுங்கிவிடும். முதல் தடவை என் ஹெட்போன் பழுதோ என்று கழற்றிப் பார்த்தேன். காரணம் தெரிந்த பிறகு அந்த மாற்றமே எனக்குப் பிடித்துப்போனது, ஒரே இசை இரண்டு ஊர்க் காற்றில் ஒலிக்கிறது.

ஒலிதான் முக்கியம் என்றால் மறுபதிவு கேளுங்கள். இதே வெர்ட்டிகோவை ஜோயல் மெக்நீலி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அதைவிடப் பழையது சார்ல்ஸ் கெர்ஹார்ட் 1972ல் தொடங்கிய மறுபதிவு வரிசை, கோர்ன்கோல்டின் 'தி சீ ஹாக்' அதில் முதல் தட்டு, தயாரித்தது இசையமைப்பாளரின் மகன் ஜார்ஜ் கோர்ன்கோல்ட். 1940ல் வந்த படத்தின் ஆப்டிகல் ஒலித்தடத்தில், அதாவது ஃபிலிமின் ஓரத்தில் பதியும் ஒலியில், குறுகிக் கிடந்த பித்தளைக் கருவிகள் அதில் எழுந்து வருவதைக் கேட்க வேண்டும். முழு இசை இல்லை, தேர்ந்தெடுத்த பகுதிகள்தான். ஆனால் அந்தக் கால இசைக்கு ஒரு தலைமுறையே திரும்பி வந்ததற்கு அந்தத் தட்டுகள் பெரிய காரணம்.

ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவைச் செப்பனிடுவது என்ற பெயரில் சத்தத்தை ஏற்றி, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே அளவில் இருக்கும்படி நசுக்கி வைப்பதைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அதனால் இங்கே நிறுத்துகிறேன்.


மூன்றாம் வயலின்:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை படித்தேன்.

முழுநீளம் சொன்னபடி அந்தக் கப்பல் காட்சியின் முதல் வடிவத்தை மட்டும் தனியாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, அலை அலையாக, பழைய கடல் கப்பல் படங்களுக்கு எழுதுவது போல. ஆனால் கேட்டு முடித்ததும் முணுமுணுக்க ஒன்றும் இல்லை. இயக்குநர் ராபர்ட் வைஸ் இதில் தீமே இல்லையே என்று திருப்பி அனுப்பியது இதைத்தான். அடுத்து படத்தில் உள்ள வடிவத்தைப் போட்டேன். அதே காட்சி, கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவதற்கு அதே பொறுமை, ஆனால் இப்போது அடியில் அந்தத் தீம் இருக்கிறது, கப்பல் முழுதாகத் தெரியும் இடத்தில் அதுவும் முழுதாக வெளியே வருகிறது. 1987ல் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்கே முகப்பு இசையாகப் போய், அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்துபோன தீம் அது. முதல் தடவையே 'நன்றாக இருக்கிறது' என்று யாராவது ஒப்புக்கொண்டிருந்தால் அது நமக்குக் கிடைத்தே இருக்காது என்று நினைத்தபோது கொஞ்சம் பதறிவிட்டது.

சின்ன ஆல்பம் எனக்கு இன்னமும் சின்ன ஆல்பமாகவே பிடிக்கிறது, அதில் மாற்றம் இல்லை. மேகப் பகுதியை மட்டும் இப்போது தனியாக ஓர் இரவு எடுத்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன், வேறு எதுவும் சேர்க்காமல்.

தள்ளப்பட்ட இசை என்று வந்துவிட்டதால் ஒரு கேள்வி. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதி, இயக்குநர் குப்ரிக் பயன்படுத்தாமல் விட்ட இசையை யாராவது கேட்டிருக்கிறீர்களா? எதில் தொடங்கலாம்?


பழைய ஒலித்தட்டு:

கேட்டிருக்கிறேன். இரண்டு வழி இருக்கிறது. 1993ல் கோல்ட்ஸ்மித்தே தன் நண்பருக்காக நேஷனல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்து நடத்திய மறுபதிவு ஒன்று. இன்னொன்று நார்த் படத்துக்காக அப்போதே பதிவு செய்து வைத்த அசல், அது 2007ல் வந்தது. தன் இசை படத்தில் இல்லை என்பது அவருக்குப் படத்தைத் திரையிட்டபோதுதான் தெரிந்தது, அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், முதல் தடவை வெறும் இசையாகக் கேளுங்கள். கோல்ட்ஸ்மித் நடத்தியதில் தொடங்குங்கள், ஒலி விசாலமாக இருக்கும். அசல் இரண்டாவது.


முழுநீளம்:

இதில் நான் நேர் எதிர். அசலில் தொடங்குங்கள்.